பழைய தூண்டில் கம்புக்கு பெயின்ட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழுப்பரீட்சை லீவு வந்துவிட்டால் நம் பக்கத்து வீடுகளில் பரணில் கிடக்கும் தூண்டில் கம்புகள் கீழே இறங்கும். தாத்தா தாமிரபரணியில் கெண்டை பிடித்தது, அப்பா மணிமுத்தாறு கால்வாயில் போட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தம் உண்டு. ஆசையோடு எடுத்தவர்கள் முதல் வேலையாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எனாமல் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். கம்பு கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

மூங்கிலுக்குப் பலமே வெளித்தோலை ஒட்டிய நெருக்கமான நாரில் இருக்கிறது. தேய்த்தால் அதுதான் முதலில் போகும். ஃபைபர் கம்பைத் தேய்த்தால் கண்ணாடி இழை அறும். பறக்கும் தூள் மூச்சுக்கும் ஆகாது. பெயின்டோ விரிசலை மூடி மறைத்துவிடும்.

முதலில் கம்பு என்ன வகை என்று பாருங்கள். முழுக் கல்மூங்கில் என்றால் பயமில்லை. குறுக்குவெட்டு அறுகோணமாக இருந்தால் அது ஆறு பட்டைகளை ஒட்டிச் செய்தது. பழைய கம்புகளில் அந்தப் பசை மிருகத் தோலில் காய்ச்சியதாக இருக்கலாம். தண்ணீரில் ஊறவைத்தாலோ ஆவி காட்டினாலோ பட்டைகள் பிரிந்துவிடும். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஃபைபர் கம்பைச் சோப்புத் தண்ணீரில் தாராளமாகக் கழுவலாம்.

கழுவியபின் லேசாக வளைத்துக் காதருகே வையுங்கள். நறநறவென்று சத்தம் வந்தாலோ, ஃபைபரில் வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. மூங்கிலில் புது வெள்ளைத் தூள் கொட்டினால் மூங்கிலைத் துளைக்கும் உளு வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்த இரண்டையும் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம், மீன் பிடிக்க வேண்டாம். நீளவாக்கில் விட்ட கீறல் அப்படியில்லை. மெல்லிய பசையை உள்ளே இறக்கி நூல் சுற்றினால் தாங்கும்.

அடுத்தது தங்கூசி, அதாவது தூண்டில் நரம்பு, ஓடும் வளையங்கள். சிறு பஞ்சை ஒவ்வொன்றிலும் நுழைத்துச் சுற்றிலும் தேய்த்துப் பாருங்கள். இழை சிக்கினால் அங்கே வெடிப்போ, தங்கூசி அறுத்த பள்ளமோ இருக்கிறது. அந்த வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். கழற்றுமுன் இடத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். நுனியை நோக்கி இடைவெளி குறைந்துகொண்டே போகும், அதைக் கண்மதிப்பில் பிடிக்க முடியாது. வளையத்தைக் கம்போடு கட்டியிருக்கும் பழைய நூலை வெட்டும்போது பிளேடு வளையத்தின் உலோகக் காலின் மேல்தான் ஓட வேண்டும். கம்பின் மேல் ஒரு கீறல் விழுந்தாலும் பாரம் ஏறும்போது முறிவு அங்கேதான் தொடங்கும்.

நூல் சுற்றுவதில்தான் பொறுமை வேண்டும். சாதாரணத் தையல் நூலில் பிசிறு உண்டு. நூலின் மேல் கடைசியில் பூசும் பூச்சு காய்ந்ததும் முள்முள்ளாக நிற்கும். பளபளப்பான எம்ப்ராய்டரி நூலோ நைலான் நூலோ வாங்குங்கள். வளையத்தின் கால் நுனியை அரத்தால் சரிவாகத் தேய்த்துவிட்டால் நூல் மேலேறும் இடத்தில் இடைவெளி விழாது. காலுக்கு 3 மில்லிமீட்டர் முன்னதாகத் தொடங்கி, நூலின் தலையை 5, 6 சுற்றுக்கு அடியில் அமுக்கி, வளையத்தை நோக்கிச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நூலைத் தடித்த புத்தகத்தின் நடுவே ஓடவிட்டு மேலே பாரம் வைத்தால் இழுவை சீராக இருக்கும். முடிவதற்கு 7, 8 சுற்று இருக்கும்போது மடித்த நூல் ஒன்றை உள்ளே வைத்துச் சுற்றி, கடைசி முனையை அந்த மடிப்பில் கோத்து அடிவழியாக இழுத்துவிடுங்கள். முடிச்சே வராது. சுற்று பத்தமடைப் பாய் போல இழைக்கு இழை ஒட்டிக் கிடக்க வேண்டும். பூச்சு பட்டதும் நூலின் நிறம் கறுத்துவிடும் என்பதால் ஒரு துண்டுக் கம்பில் சுற்றிச் சோதித்துக்கொள்வது நல்லது.

பூச்சுக்கு, பிசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் கலக்கும் இரண்டு பாக எபாக்ஸி. பெரும்பாலானவை சரிக்குச் சரி கலப்பவை. டப்பாவில் உள்ள அளவைப் பாருங்கள். கண்மதிப்பில் ஊற்றினால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். ஹார்டனரைக் கூட ஊற்றினால் சீக்கிரம் காயும் என்பது தவறு. சிரிஞ்சில் அளப்பவர்கள் ரப்பர் முனை இல்லாததை எடுக்க வேண்டும். ரப்பரில் தடவியிருக்கும் சிலிக்கான் கலந்தால் பூச்சில் குழி குழியாக விழும். பூசியபின் கம்பைப் படுக்கவைத்து முதல் ஒரு மணி நேரம் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த இரண்டு மணி நேரம் 10 நிமிடத்துக்கு ஒருமுறை பாதிச் சுற்றுத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பக்கம் வழிந்து தொங்கும். 24 மணி நேரம் கை வைக்கக் கூடாது.

நம் ஊர்ப் பருவமும் இதில் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூச்சு வெளுத்துப்போகும். ஆடிக் காற்றில் தூசி வந்து ஒட்டும். சித்திரை வெயிலில் கிண்ணத்திலேயே இறுகிவிடும். லீவு சித்திரையில்தான் வருகிறது என்ன செய்ய? விடியற்காலையில் கொஞ்சமாகக் கலந்து, தட்டையான தகட்டில் மெல்லியதாகப் பரப்பி வைத்துக்கொண்டு பூசுங்கள்.

கம்பின் துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி இணைக்கும் பித்தளைப் பூண் சிக்கிக்கொண்டால் குறடு போடாதீர்கள், முறுக்கவும் வேண்டாம். வெளிப்பூணுக்கு மட்டும் லேசாகச் சூடு காட்டி நேராக இழுங்கள். உட்பூணை உப்புத்தாளால் தேய்த்தால் பிறகு பிடிப்பே இருக்காது. ஸ்பிரிட் நனைத்த துணி போதும். கம்பிலிருந்தே பூண் கழன்றிருந்தால் பழைய பசையைச் சுரண்டிவிட்டு அரால்டைட் பசை போடலாம். நுனி வளையத்துக்கு மட்டும் சூட்டில் இளகும் பசைக் குச்சிதான். அடுத்தமுறை மாற்றவேண்டி வரும் இடம் அது.

தக்கைக் கைப்பிடியில் ஓட்டை இருந்தால், பழைய பாட்டில் தக்கையை உரசிய தூளை மரப் பசையில் குழைத்து அடைத்து, மறுநாள் 220 எண் உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும் தேயுங்கள். கைபட்டுக் கறுத்த பகுதியை வெளுக்கவைக்க வேண்டாம். அதற்காகத்தானே இந்தக் கம்பைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தீர்கள்?

எல்லாம் முடிந்தபின், தங்கூசியை எல்லா வளையத்திலும் கோத்து, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டி மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். வளையங்களுக்கு நடுவே தங்கூசி கம்பில் உரசினால் இடைவெளி தவறியிருக்கிறது. உரசாவிட்டால் கெண்டைக்கும் ஜிலேபி மீனுக்கும் தாராளம். விராலுக்கு வேறு கம்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தூண்டில் பழுதுபார்ப்போர்,
சேரன்மகாதேவி.