இரண்டு காலில் இறங்கு

கண்ணு,

போன் எடுக்கவில்லை என்று குறை சொல்ல எழுதவில்லை. பிராக்டீஸ் இருக்கும். அம்மாதான் மூன்று நாளாக ரிங் போய்க்கொண்டே இருக்கிறது என்கிறாள்.

அடுத்த வார டென்னிஸ் போட்டியில் டபுள்ஸ் மட்டும் ஆடப்போவதாகத் தம்பி சொன்னான். கோர்ட் அகலம் 36 அடி, ஆளுக்குப் பாதி. சிங்கிள்ஸில் 27 அடியையும் நீயே பார்க்க வேண்டும். அதற்காக முழங்காலுக்கு லேசு என்று நினைத்துவிடாதே. ஓட்டம் குறைவு, சட்டென்று நிற்பதும் திரும்புவதும் அதிகம். நெட்டில் நிற்கும்போது எதிராளி ராக்கெட்டை முன்னால் வீசத் தொடங்கும் நொடியில் சின்னதாகக் குதித்து, இரண்டு காலிலும் சமமாக இறங்கு. ஜோடிக்குப் போகும் பந்தை நெட்டில் நீயே குறுக்கே புகுந்து அடிக்கும்போது, அதாவது போச் பண்ணும்போது, நெட்டுக்கு இணையாக ஓடாதே. நெட்டின் நடுப்பட்டையைப் பார்த்துச் சாய்வாக முன்னே போ. இணையாக ஓடினால் பந்து உன்னைத் தாண்டும், ஒற்றைக்காலை ஊன்றிக்கொண்டு உடம்பைத் திருப்புவாய். கால் மாட்டுவது அங்கேதான்.

பழைய ஜோடியைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. புதுப் பெண்ணிடம் ஒன்று மட்டும் பேசிவை. 40-40 ஆனால் ஒரே பாயின்டில் கேம் முடியும், அதை எந்தப் பக்கம் வாங்குவது என்பது ரிட்டர்ன் ஆடுகிறவர்கள் இஷ்டம். உன் சர்வ் என்றால் முதல் சர்வை முக்கால் வேகத்தில் உடம்புக்கு நேராகப் போடு. வெளியே இழுத்துப் போட்டால் நெட்டில் நிற்பவளின் பக்கக்கோடு திறந்துவிடும். மூன்றாவது செட்டுக்குப் பதிலாக வரும் பத்து பாயின்ட் டைபிரேக்கருக்குப் போனால் உங்களுக்குள் யார் முதலில் சர்வ், யார் எந்தப் பக்கம் என்பதை மாற்றிக்கொள்ளலாம். பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். பந்து தரையில் படும் முன்னே அடிக்கும் உன் வாலி அவர்கள் எல்லோரையும்விட நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு கால், மறக்காதே.

பிரேசில் டபுள்ஸ் ஆட்டக்காரி லூயிசா ஸ்டெஃபானிக்கு 2021 யு.எஸ். ஓப்பன் அரையிறுதியில், முதல் செட் டைபிரேக்கரில் வலது முழங்கால் போனது. ஏசிஎல், முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்திருக்கும் நார். ஜோடி டப்ரோவ்ஸ்கியோடு அவள் மறுபடி ஆட இறங்கியது 2022 செப்டம்பரில், நம் நுங்கம்பாக்கத்தில். பிளிங்கோவா, ஜலமிட்ஸே ஜோடியை 6-1, 6-2 என்று ஜெயித்துக் கோப்பையும் வாங்கினார்கள். நடுவில் முழுசாக ஒரு வருஷம்.

உன் முழங்காலுக்கு டாக்டர் சொன்னது ஒன்பது மாதம். ஏழாவது மாதமே ரேங்கிங் போய்விடும் என்று அவசரப்படுத்தியது நான். நீண்ட காயத்துக்கு ரேங்கிங்கைக் காப்பாற்றித் தர விதி இருப்பது எனக்கு அப்போதே தெரியும், கண்ணு. உன்னிடம் சொல்லவில்லை.

மாமா வீட்டுக் காரியம் நல்லபடியாக முடிந்தது. முழங்கால் பட்டை நீலப் பையின் உள் ஜிப்பில் இருக்கிறது.

படி இறங்கும்போது வலித்தால் ஃபிசியோவிடம் மறைக்காதே. வேண்டாம் என்று அவர் சொன்னால் பேரை எடுத்துவிடு. எடுப்பதாக இருந்தால் ஜோடிகள் பேர் கொடுக்கும் சைன்-இன் முடிவதற்குள் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடு, அவள் வேறு ஜோடி தேட நேரம் வேண்டும்.

அப்பா