உயர்திறன் கார்களை ஓட்டத் தனித் தகுதிச் சான்று கோரும் மனு

அனுப்புநர்: உயர்திறன் கார் உரிமையாளர்கள், ஓட்டுநர் பயிற்றுநர்கள் சார்பில் கீழே கையொப்பமிட்டுள்ளோர்

பெறுநர்: மதிப்பிற்குரிய போக்குவரத்து ஆணையர் அவர்கள்

பொருள்: உயர்திறன் கார்களைப் பொதுச் சாலையில் ஓட்டுவதற்குத் தனிப் பயிற்சியும் தகுதிச் சான்றும் கட்டாயமாக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவில் கையொப்பமிட்டுள்ள நாங்கள் உயர்திறன் கார்களை வைத்திருப்பவர்களும், அவற்றை ஓட்டக் கற்றுத்தருபவர்களும் ஆவோம். இக்கார்கள்மீது எங்களுக்குப் பிரியம் உண்டு. அவற்றைத் தடைசெய்யுமாறு நாங்கள் கேட்கவில்லை. சிறிய கார் ஒன்றை நிதானமாக ஓட்டிக்காட்டி உரிமம் பெற்ற ஒருவர், மறுநாளே 600 குதிரைத்திறன் கொண்ட காரைச் சட்டப்படி சாலைக்குக் கொண்டுவரலாம் என்ற இன்றைய ஏற்பாட்டை மட்டும் மாற்றித் தருமாறு வேண்டுகிறோம். கனரக வாகனத்துக்குத் தனி உரிமம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மோட்டார் சைக்கிளுக்கே ஆற்றலைப் பொறுத்து உரிம வகைகள் பிரிக்கப்பட்டு, இடைநிலை வகைக்கு 35 கிலோவாட் (ஏறத்தாழ 47 குதிரைத்திறன்) உச்ச வரம்பாக வைக்கப்பட்டுள்ளது. காரைப் பொறுத்தவரை மட்டும் 60 குதிரைத்திறனும் 600 குதிரைத்திறனும் ஒன்றாகவே எண்ணப்படுவதற்கு எங்களுக்குத் தெரிந்து நியாயமான காரணம் எதுவும் இல்லை.

இக்கார்களின் விபத்துகளை வேகம் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுவது வழக்கமாக இருந்தாலும், அது பாதி உண்மைதான். உலர்ந்த சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொண்டால், முழுமையாக நிற்க ஏறத்தாழ 90 மீட்டர் தேவைப்படும், 200 கி.மீ. வேகத்திலோ அது 280 மீட்டரை எட்டும். வேகம் இரு மடங்கானால் தூரம் மும்மடங்காகும் இந்தக் கணக்கு எல்லாக் கார்களுக்கும் பொது. உயர்திறன் காரில் மாறுவது என்னவென்றால், அந்த வேகத்தைச் சில விநாடிகளில் எட்டிவிட முடிகிறது. தாழ்ந்த இருக்கையும் அமைதியான உட்புறமும் வேகத்தை உணரவிடாமல் செய்கின்றன. சாலையைக் கடக்க நிற்பவரோ, வரும் காரின் தூரத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறாரே தவிர அதன் வேகத்தைத் துல்லியமாக மதிப்பிட அவரால் முடிவதில்லை.

எங்கள் அனுபவத்தில் அதைவிட முக்கியமானது, பழக்கமில்லாத ஓட்டுநரின் கைகால்கள் செய்யும் தவறு. வளைவின் நடுவே பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டெனக் காலை எடுப்பது யாருக்கும் இயல்பாக வரும் செயல். சாதாரண முன்சக்கர இயக்கக் கார் அதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். எஞ்சின் நடுவிலோ பின்னாலோ அமைந்த காரில், அந்த நொடியில் எடை முன்சக்கரங்களுக்குச் சாய, பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்து காரே சுழன்றுவிடக்கூடும். சிக்னலில் பச்சை விழுந்ததும் ஆக்சிலரேட்டரை முழுமையாக அழுத்துவதும் இதே போன்றதுதான்: டயர்கள் இன்னும் சூடேறியிருக்காது, சாலையில் ஈரமோ வழவழப்பான வெள்ளைக் கோடோ இருக்கும், கார் நேராகப் போவதற்குப் பதில் நடைபாதையை நோக்கித் திரும்பிவிடும். புத்தகத்தைப் படித்து இதைக் கற்க முடியாது. மூடிய தளத்தில், நீர் தெளித்த தரையில், பயிற்றுநர் அருகில் அமர்ந்திருக்க, கார் வழுக்குவதை ஒருமுறையேனும் உடலால் உணர்ந்தவருக்குத்தான் விளங்கும்.

பந்தய அனுபவம் இருந்தால் போதும் என்று வாதிடுவோர் எங்களுக்குள்ளேயே உண்டு. ஆனால் ஹாலிவுட் நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் போர்ஷே கரேரா ஜிடி காரில் பயணியாகச் சென்றபோது உயிரிழந்தார். காரை ஓட்டியவரும் அதே விபத்தில் இறந்தார், அவர் பந்தயங்களில் கலந்துகொண்டவர். மணிக்கு 45 மைல் வரம்புள்ள சாலையில் கார் 80 முதல் 93 மைல் வேகத்தில் சென்றதாகவும், டயர்கள் ஒன்பது ஆண்டுகள் பழையவை என்றும் விசாரணையில் தெரியவந்தது. கார் வழுக்கத் தொடங்கினால் தானாகவே சக்கரங்களுக்கு பிரேக் போட்டு அதை நேர்ப்படுத்த முயலும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் அந்த மாடலில் கிடையாது. டயரின் மேற்பரப்பிலுள்ள பள்ளங்கள் தேயாமல் இருந்தாலும் ரப்பர் வயதாகி இறுகும் என்பதும், அதன் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் குறிக்கின்றன என்பதும் (2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்) இத்தகைய கார்களை வாங்குவோரில் பலருக்குத் தெரிவதில்லை. ஆண்டில் சில நாட்களே வெளியே எடுக்கப்படும் கார்களில்தான் இந்தப் பழைய டயர் சிக்கல் அதிகம்.

நாங்கள் கேட்பது புதுமையானதும் அன்று. 2019இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் லம்போர்கினி கார் ஒன்று கட்டுப்பாடிழந்து நடைபாதையில் ஏறியதில் 15 வயதுச் சிறுமி ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் எழுந்த கோரிக்கைகளின் விளைவாகத் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் 2024 டிசம்பர் 1 முதல், ஒரு டன் எடைக்கு 276 கிலோவாட் அல்லது அதற்கு மேல் ஆற்றலுள்ள கார்களை ஓட்டத் தனி உரிம வகை கட்டாயமாக்கப்பட்டது. அத்தகைய கார்களில் ஓட்டுநர் உதவி அமைப்புகளைக் காரணமின்றி அணைப்பதும் குற்றமாக்கப்பட்டது. இத்தாலியில் புதிதாக உரிமம் பெற்றோர் முதல் மூன்று ஆண்டுகளுக்கு டன்னுக்கு 75 கிலோவாட்டுக்கும், மொத்தம் 105 கிலோவாட்டுக்கும் மிகாத கார்களையே ஓட்டலாம்.

ஆனால் தெற்கு ஆஸ்திரேலிய விதியை அப்படியே பின்பற்றுவதிலும் குறை உண்டு. அங்கு சான்று பெற இணையவழிப் பாடமே போதுமானதாக வைக்கப்பட்டுள்ளது. மேலே சொன்ன காரணங்களால் நேரடிப் பயிற்சி இல்லாத சான்றுக்கு நாங்கள் பெரிய மதிப்புத் தர மாட்டோம். மேலும், 2,300 கிலோ எடையும் 500 கிலோவாட் ஆற்றலும் கொண்ட மின்சார கார் டன்னுக்கு 217 கிலோவாட் என்ற கணக்கில் அந்த வரம்புக்கு வெளியே தப்பிவிடும். குடும்பக் காரின் தோற்றத்தில், ஓசையே இல்லாமல், மிதித்த கணமே சக்கரங்களைச் சுழற்றும் முறுக்குவிசை முழுவதையும் தரும் அந்தக் கார்தான் புதிய ஓட்டுநருக்கு ஸ்போர்ட்ஸ் காரைவிடப் பெரிய சோதனை என்பது பயிற்றுநர்களின் கருத்து.

ஆகவே, எடைக்கேற்ற ஆற்றலோடு 0 முதல் 100 கி.மீ. வேகத்தை எட்டும் நேரத்தையும் அளவுகோலாகக் கொண்டு உயர்திறன் கார்களை வரையறுத்து, அவற்றை ஓட்ட மூடிய தளத்தில் நேரடிப் பயிற்சியும் தேர்வும் கொண்ட தகுதிச் சான்றைக் கட்டாயமாக்குமாறு வேண்டுகிறோம். உரிமையாளருக்கு மட்டுமன்றி, வாடகைக்கு எடுப்பவருக்கும், விற்பனைக்கு முன் சோதனை ஓட்டம் செய்பவருக்கும், நண்பரிடமிருந்து வாங்கி ஓட்டுபவருக்கும் இது பொருந்த வேண்டும். சான்று இல்லாதவரிடம் தெரிந்தே சாவியைக் கொடுப்பவரும் பொறுப்பேற்க வேண்டும். பொதுச் சாலையில் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை அணைத்து ஓட்டுவதைத் தனிக் குற்றமாக்கவும், சேற்றிலோ பனியிலோ சிக்கிய காரை வெளியே எடுக்கும் தேவைக்கு மட்டும் விலக்களிக்கவும் கோருகிறோம். வாகனத்தின் தகுதி ஆய்வின்போது டயரின் தேய்மானத்துடன் அதன் வயதும் பதிவு செய்யப்பட வேண்டும். வேகமாக ஓட்டும் ஆசையைத் தீர்த்துக்கொள்ள முறையான இடம் இல்லாதவரை அது நள்ளிரவுச் சாலைகளையே தேடிப் போகும் என்பதால், பந்தயத் தடங்களைக் குறிப்பிட்ட நாட்களில் மருத்துவ ஏற்பாடுகளுடன் பொதுமக்களுக்குத் திறந்துவிடவும் தாங்கள் ஆவன செய்ய வேண்டும்.

இவ்விதிகளை வகுக்கக் குழு அமைக்கப்படுமானால், பாடத்திட்டத்தையும் தேர்வு முறையையும் தயாரிப்பதில் எங்கள் பயிற்றுநர்கள் கட்டணமின்றி உதவ ஆயத்தமாக உள்ளனர். செயல்விளக்கத்துக்கு எங்கள் கார்களையும் தருகிறோம். தங்களை நேரில் சந்தித்து விளக்க ஒரு நாளை ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையொப்பமிட்டுள்ள உரிமையாளர்கள், பயிற்றுநர்கள்