நேப்பர்வில்லிலிருந்து பெரியப்பாவுக்கு

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். தேர்தலுக்காகத் துப்பாக்கியை மறுபடி ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, இனி காட்டுப்பன்றியை எதை வைத்து விரட்டுவது என்று புலம்பிக்கொண்டிருக்கிறீர்களாம், அம்மா சொன்னாள். அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் கடைக்குப் போய் வாங்கலாமாமே என்றும் கேட்டீர்களாம்.

அப்படி இல்லை, பெரியப்பா. எங்கள் இல்லினாய் மாநிலத்தில் முதலில் ஸ்டேட் போலீஸ் தரும் ஃபாய்ட் அட்டை, அதாவது துப்பாக்கி வைத்துக்கொள்வதற்கான அடையாள அட்டை, வேண்டும். ஆனால் அது கிடைத்துவிட்டால், உங்களை மாதிரி ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடக்க வேண்டாம். இங்கே சண்டையெல்லாம் எந்தத் துப்பாக்கியை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்பதில்தான்.

2022 ஜூலை 4, சுதந்திர தின ஊர்வலம். ஹைலண்ட் பார்க் என்ற ஊர், எங்களுக்கு ஒரு மணி நேரக் கார் தூரம். ஒருவன் கூரை மேல் ஏறி ஒரு நிமிடத்துக்குள் 83 தோட்டா சுட்டான், ஏழு பேர் செத்தார்கள், 40 பேருக்கு மேல் காயம். துப்பாக்கி ஏஆர்-15 வகை, பார்க்க ராணுவ ரைபிள் மாதிரி இருக்கும், சட்டப்படி கடையில் வாங்கியது. இத்தனைக்கும் அந்த ஊர் 2013-லேயே இந்த மாதிரித் துப்பாக்கிகளுக்குத் தடை போட்டிருந்தது, ஊர் எல்லையைத் தாண்டினால் விற்பனைக்கு இருந்தது, அவ்வளவுதான். அந்த ஆகஸ்டிலேயே எங்கள் நேப்பர்வில் நகரசபை கடைகளில் இவற்றை விற்கக்கூடாது என்றது, 2023 ஜனவரியில் மாநிலமே இவற்றைத் தடுத்துச் சட்டம் கொண்டுவந்தது. உடனே வழக்கு. 2024 நவம்பரில் ஒரு ஃபெடரல் நீதிபதி அந்தச் சட்டம் செல்லாது என்றார், மேல்கோர்ட் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

தடுக்க நினைக்கிற இந்த வகைக்குச் சட்டத்தில் 'அசால்ட் வெப்பன்' என்று பெயர், அது எது என்பதுதான் குழப்பமே. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா, அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும், இது செமி ஆட்டோமேட்டிக். இதில் ஏகப்பட்ட வேட்டைத் துப்பாக்கிகளும் உண்டு. அதனால் 1994-ல் நாடு முழுக்கத் தடை போட்டபோது உறுப்புகளை எண்ணினார்கள்: மேகசின் (தோட்டா அடைத்த பெட்டி) கழற்றி மாட்டுகிற ரைபிளில் பிஸ்டல் மாதிரிக் கைப்பிடி, தோளில் முட்டுக் கொடுக்கும் கட்டை மடங்குவது, முனையில் கத்தி மாட்டும் இடம் என்று ஒரு பட்டியல், அதில் இரண்டு இருந்தால் தடை. கம்பெனிக்காரன் விடுவானா? கத்தி மாட்டும் இடத்தை வெட்டி எறிந்துவிட்டு அதே ரைபிளை வேறு பெயரில் விற்றான். மரக்கட்டை போட்ட மினி-14 என்ற ரைபிளை அந்தச் சட்டமே பெயர் சொல்லி விட்டுவைத்தது, அதுவும் ஏஆர்-15 மாதிரி செமி ஆட்டோமேட்டிக்தான், தோட்டா அளவும் ஒன்றுதான்! 2004-ல் அந்தத் தடையும் காலாவதி ஆகிவிட்டது. இல்லினாய் கொஞ்சம் உஷார், ஓர் உறுப்பு இருந்தாலே போதும் என்றது, நிறைய மாடல்களைப் பெயர் சொல்லியே தடுத்தது, ரைபிளுக்குப் பத்துத் தோட்டா, கைத்துப்பாக்கிக்குப் பதினைந்து, அதற்கு மேல் கொள்ளும் மேகசின் விற்கக்கூடாது என்றது.

என்னோடு வேலை செய்கிற ஒருவர் மான் வேட்டைக்காரர், நல்ல மனிதர், சாப்பாட்டு நேரத்தில் இதைப் பேசாமல் விடமாட்டார். கைப்பிடியை மாற்றினால் தோட்டா மெதுவாகவா போகும் என்று கேட்பார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் சரி, அப்படியானால் கைப்பிடியை விட்டுவிட்டு மேகசினை மட்டும் பிடிப்போமா என்றால் அதற்கும் ஒத்துக்கொள்ளமாட்டார், அங்கேதான் எனக்கு எரிச்சல் வரும். ஹைலண்ட் பார்க்கில் அவன் மாட்டியது 30 தோட்டா மேகசின். பத்துக்கு ஒருமுறை கழற்றி மாட்ட வேண்டியிருந்தால் கீழே இருந்தவர்களுக்கு ஓடுவதற்குச் சில நொடியாவது கூடுதலாகக் கிடைத்திருக்கும். சட்டம் எழுதியவர்கள் தோற்றத்தில் கொஞ்சம் தடுமாறியது உண்மைதான், அதற்காக மொத்தச் சட்டமும் வேண்டாம் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

உங்கள் இரட்டைக்குழலில் இரண்டுக்கு மேல் போகாது என்று அவரிடம் சொன்னேன், பன்றி கூட்டமாக வந்தால் என்ன செய்வார் என்று கேட்டார். என்ன சொல்லட்டும்? அடுத்த போனில் சொல்லுங்கள். அப்புறம், பெரியம்மா முட்டிவலிக்கு டாக்டரைப் பார்த்தார்களா? பணம் அனுப்பியிருக்கிறேன், தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
முரளி