நிலவறைக் கடையில் நடப்பது கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் கைப்பேசியில் ஆடும் விளையாட்டுகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், ஆட்டத்துக்கு ஆட்டம் புதிதாக உருவாகும் நிலவறைகளில் அலையும் விளையாட்டுகளையும் பணம் கட்டி ஆடும் சீட்டுச் செயலிகளையும் ஒரே பட்டியலில் போட்டு, எல்லாம் அதிர்ஷ்டம் என்று எழுதியிருந்தீர்கள். பணம் வைத்து ஆடும் செயலிகளைக் கண்டித்ததை வரவேற்கிறோம். ஆனால் நெட்ஹேக் போன்ற ஒன்றை அந்த வரிசையில் வைத்தது நியாயமில்லை. அது இலவசம், உள்ளே புழங்குவதெல்லாம் ஆட்டத்திலேயே கிடைக்கும் பொற்காசு. அறைகள் எப்படி அமையும் என்பது தற்செயல்தான். அந்த அறைகளில் வரும் கடைகளோ கறாரான விதிப்படி நடப்பவை. அந்த விதிகளைத் தெரிந்துகொண்டவருக்கும் தெரியாதவருக்கும் ஆட்டமே வேறு.

'ரோக்லைக்' எனப்படும் இந்த வகைக்குப் பெயர் தந்த ரோக் என்ற விளையாட்டு 1980-இல் வந்தது. அதில் கடையே கிடையாது. பொறுக்கிய தங்கம் மதிப்பெண்ணில் சேரும், அவ்வளவுதான். 1987-இல் வந்த நெட்ஹேக்கில் கடை ஒரு தனி உலகம். அதன் மூல நிரல் சி மொழியில் எல்லோரும் படிக்கத் திறந்து கிடக்கிறது. எந்தக் கடை, என்ன சரக்கு என்று முடிவு செய்ய ஒரு கோப்பு. விலை, வரவு, திருட்டு ஆகியவற்றைக் கவனிக்க இன்னொன்று.

கடை வர வேண்டுமானால் அறைக்கு ஒரே ஒரு வாசல்தான் இருக்க வேண்டும். உள்ளே படிக்கட்டு இருக்கக் கூடாது. 2, 3-ஆம் தளங்களில் போதுமான அறைகளும் அவற்றில் இப்படி ஒன்றும் இருந்தால் கடை உறுதி. அதற்குக் கீழே 3-ஐத் தள எண்ணால் வகுத்தால் வாய்ப்பு வந்துவிடும்: 6-ஆம் தளத்தில் பாதி, 12-ஆம் தளத்தில் கால். 3.6 பதிப்பில் பலசரக்குக் கடைக்கு 42 சதவீதம், கவசக் கடைக்கு 14, படித்தால் பலிக்கும் மந்திரச் சுருள் கடைக்கும் மருந்துக் குப்பிக் கடைக்கும் தலா 10, ஆயுதத்துக்கும் உணவுக்கும் தலா 5; மோதிரம், மந்திரக்கோல், கருவி, மந்திர நூல் ஆகியவற்றுக்குத் தலா 3; மீதி 2 சைவ உணவுக் கடைக்கு. மந்திரக்கோல் கடையும் நூல் கடையும் சின்ன அறையில்தான் அமையும். 20 கட்டத்துக்கு மேல் போனால் அது பலசரக்குக் கடையாகிவிடும். வாசலை ஒட்டிய வரிசையை விட்டு மற்ற கட்டங்களில் கட்டத்துக்கு ஒன்றாகச் சரக்கு இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும், தள எண் எத்தனையோ அத்தனை சதவீதம், பொருள்போல உருமாறிக் கிடக்கும் பூதம் இருக்க வாய்ப்புண்டு. 15-ஆம் தளத்துக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கக் கூடாது என்பது இதனால்தான்.

முக்கியமானது விலை. சுருள், குப்பி, மோதிரம் எல்லாம் பெயர் தெரியாமலேதான் கைக்கு வரும். எந்த அடையாளத்துக்குள் எந்த மந்திரம் என்பது ஆட்டந்தோறும் குலைத்து அடுக்கப்படும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் உள்ள அடிப்படை விலை மாறவே மாறாது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் வாங்கிப் பழகியவர், கடைக்காரர் சொல்லும் விலையை வைத்தே பொருள் என்ன தரம் என்று கணித்துவிடுவார். இங்கும் அதே வேலைதான். பொருளறியும் சுருளுக்கு 20 காசு. அந்த விலையில் வேறு சுருளே இல்லை. ஒளிச் சுருள் 50. ஆயுதத்துக்கு வலுவேற்றும் சுருள் 60. கவசத்துக்கு வலுவேற்றுவதும் சாபம் நீக்குவதும் 80. நூறு காசில் ஒரு பெரும் கூட்டமே உண்டு: இடம் பெயர்க்கும் சுருள், தள வரைபடம் காட்டும் சுருள், நெருப்பு, உடுத்திய கவசத்தை அழிக்கும் சுருள் எல்லாம் இதில் அடங்கும். அதனால் நூறு காசுச் சுருளைச் சோதிக்கும் முன் நல்ல கவசத்தைக் கழற்றி வைக்க வேண்டும்.

கடைக்காரர் கேட்கும் விலை மூன்று காரணங்களால் அடிப்படை விலையிலிருந்து விலகும். முதலாவது, ஆட்டக்காரரின் வசீகரத்தைக் குறிக்கும் கரிஸ்மா என்ற எண். அது 11 முதல் 15 வரை இருந்தால் விலை அப்படியே. 8 முதல் 10 வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு கூடும். 6, 7 என்றால் ஒன்றரை மடங்கு. 5-க்குக் கீழிறங்கினால், 5 உட்பட, இரட்டிப்பு. 16, 17 என்றால் முக்கால், 18 என்றால் மூன்றில் இரண்டு, அதற்கு மேல் பாதி. இரண்டாவது, முட்டாள் குல்லாய் அணிந்தவர், ஹவாய் சட்டை வெளியே தெரிய வந்தவர், 15-ஆம் அனுபவ நிலையை எட்டாத 'சுற்றுலாப் பயணி' பாத்திரமாக ஆடுபவர் ஆகியோரிடம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கேட்பார். மூன்றாவதுதான் ஆளைக் குழப்புவது: பெயர் தெரியாத பொருள்களில் நான்கில் ஒன்றுக்கு இன்னொரு மூன்றில் ஒரு பங்கு ஏறும். இது பொருளுக்குள் இருக்கும் வரிசை எண்ணைப் பொறுத்தது. எத்தனை முறை கேட்டாலும் மாறாது.

விளைவைப் பாருங்கள். கரிஸ்மா 12 உள்ளவரிடம் ஒரு சுருளுக்கு 80 கேட்டால் அது உண்மையான 80 ஆகவும் இருக்கலாம், 60-இன் மேல் 20 ஏறியதாகவும் இருக்கலாம். வாங்கும் விலையை மட்டும் நம்பினால் கவசத்துக்கானது என்று நினைத்து ஆயுதத்துக்கானதைப் படித்துவிடுவோம். விற்பது போலக் கேட்டால் முடிச்சு அவிழும். அந்தச் சரக்கை வாங்கும் கடையில் சொந்தச் சுருளைக் கீழே வைத்தால் கடைக்காரர் ஒரு தொகை சொல்வார். அதைக் குறித்துக்கொண்டு 'வேண்டாம்' என்று சொல்லி எடுத்துக்கொள்ளலாம், காசு செலவில்லை. வழக்கமாக அடிப்படை விலையில் பாதி தருவார். நான்கில் ஒரு முறை மூன்றில் ஒரு பங்குதான் சொல்வார். விற்கும்போது கரிஸ்மா குறுக்கே வராது. 30 என்றால் அது 60 காசுச் சுருள். 40 என்றால் 80. 10 என்றால் பொருளறியும் சுருள். 100 என்று சொன்னால்தான் சிக்கல், அது 200-இன் பாதியா 300-இன் மூன்றில் ஒன்றா என்று தெரியாது. அப்போது அதே வகைச் சுருள் கடையில் விற்பனைக்கு இருக்கிறதா என்று பார்த்து, அதற்கு என்ன கேட்கிறார் என்பதோடு ஒப்பிட வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னமும் விகிதமும் இதைவிட நன்றாகப் பழக்கப்படும் இடம் எங்களுக்குத் தெரிந்து குறைவு.

ரத்தினங்களில் இந்த முறை செல்லாது. பெயர் தெரியாத ரத்தினத்தை விற்கப் போனால் கண்ணாடிக் கல்லுக்கு உரிய அற்ப விலைதான் கிடைக்கும். வெறும் கண்ணாடியை வாங்கப் போனாலோ விலை உயர்ந்த கல்லின் விலை சொல்வார். அடையாளம் தெரியும்வரை ரத்தினத்தைக் கடைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம் பிக்காசு. பிக்காசோடு வருபவரைக் கடைக்காரர் உள்ளே விடமாட்டார். வெளியே வைத்துவிட்டு வரச் சொல்வார். ஒளித்துக் கொண்டுபோய்த் தரையைத் தோண்டிக் கீழே குதித்தால், பக்கத்தில் நிற்கும் கடைக்காரர் மூட்டையையே பிடுங்கிக்கொள்வார். ஓடித் தப்பவும் முடியாது: அவர் வேகம் 18, சாதாரண ஆட்டக்காரரின் வேகம் 12. காசு கொடுக்காத பொருளைக் கையில் எடுத்த நொடியே அவர் வாசலை மறித்து நிற்பார், கொடுத்ததும் விலகுவார். கடைக்குள்ளேயே தின்றால், தின்றதற்கு விலை கட்ட வேண்டும்.

கடைக்காரரின் கையிருப்பு தொடக்கத்தில் 1030 முதல் 4000 காசு வரைதான். அது தீர்ந்தபின் விற்றால் பணத்துக்குப் பதில், சொன்ன தொகையில் பத்தில் ஒன்பது பங்கைக் கணக்கில் வரவு வைப்பார். அந்த வரவை அந்தக் கடையில் மட்டுமே செலவழிக்கலாம், காசாகத் திரும்பாது. ஆகவே எதை வாங்கப் போகிறோம் என்று முடிவு செய்த பிறகே பெரிய கவசங்களை விற்க வேண்டும்.

சுரங்கத்துக்குள் வரும் சிற்றூரின் விளக்குக் கடைக்காரர் பெயர் இட்ஸ்சாக். நெட்ஹேக்கை உருவாக்கிய குழுவில் இருந்து 1994-இல் மறைந்த தத்துவப் பேராசிரியர் இட்ஸ்சாக் மில்லரின் நினைவாக வைத்தது. ஆட்டத்தை முடிக்க 7 மெழுகுவத்தி வேண்டும். அவற்றை வாங்க வழக்கமான இடம் இந்தக் கடை.

நம் பிள்ளைகள் கைப்பேசியில் ஆடும், இதே வகையைச் சேர்ந்த ஷேட்டர்டு பிக்சல் டன்ஜனில் விதி எளிது. முதல் மூன்று கடைகள் 6, 11, 16-ஆம் தளங்களில். 6-இல் 300 காசுக்குக் கிடைக்கும் குணமாக்கும் குப்பி 11-இல் 450, 16-இல் 600. நாம் விற்றால் எந்தத் தளத்திலும் 30தான். கீழே போகப் போகக் கிடைக்கும் காசும் கூடுகிறது என்பதால் காத்திருக்கத் தோன்றும். இருந்தாலும் குப்பியை 6-இலேயே வாங்குவது நல்லது, அடுத்த கடைவரை உயிரோடு போய்ச் சேர அது உதவும். கடைக்காரரைத் தொடர்ந்து தாக்கினால் சரக்கோடு மறைந்துவிடுவார்.

உங்கள் மாணவர் பகுதியில் சுருள், மோதிரம், மந்திரக்கோல் ஆகியவற்றின் அடிப்படை விலைப் பட்டியலை வெளியிட முன்வந்தால் தமிழில் தொகுத்து அனுப்புகிறோம். அழகப்பா பல்கலைக்கழகத்திலும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் சி மொழி படிக்கும் மாணவர்கள் அந்த விலைக் கோப்பை ஒருமுறை திறந்து வாசிக்கலாம். கட்டுரையில் நெட்ஹேக் வகையைச் சூதாட்டப் பட்டியலில் சேர்த்த வரியைத் திருத்தி வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
காரைக்குடி