எம்.டி.சி. டிரம் பற்றி முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். பெயிண்ட் உரிக்க எம்.டி.சி. (மெத்திலீன் குளோரைடு என்ற கரைப்பான்) டிரம் இறக்கி, பையன்களுக்கு கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் நைட்ரைல் கையுறையும் வாங்கிக் கொடுத்ததாக எழுதியிருந்தாய். இரண்டும் இதற்கு ஆகாது.

மெத்திலீன் குளோரைடு கரி கார்ட்ரிட்ஜைச் சீக்கிரமே கடந்து வந்துவிடும். வாசனையை நம்பவும் முடியாது. அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் வரம்பு 8 மணி நேரச் சராசரிக்கு 25 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு. மூக்குக்குத் தெரிவதற்குள் அதைப் பல மடங்கு தாண்டியிருக்கும். வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று தரும் ஏர்லைன் மாஸ்க்தான் சரி. நைட்ரைலை இது சில நிமிடங்களில் ஊடுருவி, உள்ளே தோலோடு தேங்கிப் புண்ணாக்கும். உள்ளே லேமினேட் கையுறை (பல அடுக்கு பிளாஸ்டிக் படலம்), மேலே நைட்ரைல் போடச் சொல். பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) கையுறையும் தாங்கும், ஆனால் தண்ணீர் பட்டால் கெட்டுவிடும்.

இதன் ஆவி காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனம், தரையிலும் தொட்டிக்குள்ளும்தான் தங்கும். சீலிங் ஃபேன் அதை முகத்துக்குக் கிளப்பிவிடும். எக்ஸாஸ்ட்டைத் தரையோரம் வை. டேங்கின் உள்புறத்தை இதைக்கொண்டு உரிக்கவே வேண்டாம். அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை குளியல் தொட்டிக்குப் புதுப்பூச்சு போடும் வேலையில் 13 பேர் இறந்தார்கள். குனிந்து தொட்டிக்குள் தலையை நீட்டிச் செய்யும் வேலை அது. உள்ளே ஒருவன் விழுந்தால், தூக்கப் போகிறவனும் ஏர்லைன் இல்லாமல் இறங்கக் கூடாது.

உடம்புக்குள் போனது கார்பன் மோனாக்சைடாக மாறும், ஆள் வேலையை விட்டு வெளியே வந்த பிறகும் மணிக்கணக்கில் உருவாகிக்கொண்டே இருக்கும். நெஞ்சுவலிக்காரனை இந்த வேலைக்கு விடாதே. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 98 காட்டும், ஏமாந்துவிடாதே, ரத்தத்தில் இருப்பது ஆக்ஸிஜனா கார்பன் மோனாக்சைடா என்ற வித்தியாசம் அதற்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் கெமிக்கல் பெயரைச் சொல்லி, கார்பாக்ஸி ஹீமோகுளோபின் (ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஒட்டியிருக்கும் அளவு) பார்க்கச் சொல்.

கொதிநிலை 40 டிகிரி. திருச்சி கத்திரி வெயிலுக்கு டிரம் உப்பிவிடும். நிழலில் வை, மூடியைக் கால் சுற்று திருகி, சீறல் அடங்கிய பிறகு திற. அலுமினியப் பாத்திரம் கூடாது. பக்கத்தில் வெல்டிங் நடந்தால் ஆவி ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயுவாகும், அதுதான் எனக்குப் பெரிய பயம்.

அவசரமில்லாத பீஸ்களுக்கு பென்சைல் ஆல்கஹால் ரிமூவரைப் பார்க்கலாம். ராத்திரி பூசிவைத்தால் காலையில் சுரண்டலாம். விலை கூடத்தான். அதற்கும் கையுறை, கண்ணாடி வேண்டும். வரும் ஆர்டரின் அளவை எழுது, கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
செல்வம்