சர்க்கரை நோயுள்ள இளம் தொழிலாளர்களுக்கு உணவு நேரம் உறுதியாக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வு, தமிழகத்தில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது. ஐரோப்பியரைக் காட்டிலும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் முன்னதாகவே இந்நோய் நம்மவரைப் பிடித்துக்கொள்வதால், முப்பது வயதில் மாத்திரையைத் தொடங்கும் ஒருவர் தம் உழைப்புக் காலத்தின் பெரும்பகுதியை அதனுடனேயே கழிக்க வேண்டியிருக்கிறது.

வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நிர்வாகங்கள் உற்பத்தி இழப்பை விடுப்புக் கணக்கில்தான் தேடுகின்றன. உண்மையான இழப்போ, வேலைக்கு வந்து இயந்திரத்தின் முன் நிற்பவரிடம் நேர்கிறது. சர்க்கரை ஏறியிருக்கும்போது சோர்வு மேலிடுகிறது, பார்வை மங்குகிறது, அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போக வேண்டியிருக்கிறது. மாற்று ஆள் இல்லாமல் லைனை விட்டு நகர முடியாத இடத்தில், பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

இதைவிட ஆபத்தானது ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துபோகும் லோ சுகர். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டவர், அல்லது இன்சுலின் ஊசி செலுத்திக்கொண்டவர், அவசர ஆர்டருக்காகச் சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரம் தள்ளிப்போனால், கை நடுங்கி, வியர்த்து, எதிரில் இருப்பவர் சொல்வது புரியாத நிலைக்குப் போய்விடுகிறார். பிரஸ் இயந்திரத்தில் கை வைத்து வேலை செய்பவருக்கு இது நேர்ந்தால் என்னவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் மாறும் இரவு ஷிப்ட் உறக்கத்தையும் உணவு நேரத்தையும் குலைத்து, சர்க்கரைக் கட்டுப்பாட்டை மேலும் கடினமாக்குகிறது.

இத்தனையையும் மறைத்துக்கொண்டுதான் இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். குறிப்பாக ஒப்பந்தத் தொழிலாளர்கள், நோய் தெரிந்தால் அடுத்த முறை அழைக்கமாட்டார்கள் என்று அஞ்சி, ஊசியைக் கழிப்பறையில் போட்டுக்கொள்கிறார்கள். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கும் மருத்துவரைப் பார்ப்பதற்கும் அரைநாள் போதும். ஆனால் அந்த அரைநாளுக்காக ஒருநாள் கூலியை இழக்க நேர்வதால் அதையும் தள்ளிப்போடுகிறார்கள். சில ஆண்டுகளில் கண், சிறுநீரகம், கால் நரம்பு என்று பாதிப்பு பரவிய பின்னரே நிர்வாகத்துக்கு விஷயம் தெரியவருகிறது. கைதேர்ந்த தொழிலாளி ஒருவரை நாற்பது வயதில் இழப்பது தொழிற்சாலைக்கும் பேரிழப்பு, அவரது குடும்பத்துக்கோ அதைவிடப் பன்மடங்கு.

தமிழக அரசு 2024இல் தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டம் பணியிடத்துக்கே சென்று பரிசோதிப்பது மனமாரப் பாராட்டத்தக்கது. ஆயினும், நோயைக் கண்டறிந்து மாத்திரை கொடுத்தபின், அதை உரிய நேரத்தில் உணவோடு உட்கொள்ளப் பணியிடம் இடம்கொடாவிட்டால் அப்பரிசோதனையின் பயன் பாதியிலேயே நின்றுவிடும். ஆகவே, உற்பத்தி நெருக்கடி எதுவாயினும் உணவு இடைவேளையைத் தள்ளிவைக்கலாகாது என்றும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊதியத்துடன் அரைநாள் மருத்துவ அனுமதி ஒப்பந்தத் தொழிலாளருக்கும் உண்டு என்றும், நோயைத் தெரிவித்ததற்காக எவரையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்றும் தொழிலாளர் நலத்துறை எழுத்துப்பூர்வமாக அறிவுறுத்த வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஷிப்ட் மேற்பார்வையாளர் ஒருவர்,
ஸ்ரீபெரும்புதூர்.