உயர்தரத்தில் சட்டமும் ஒரு பாடமாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகள் உயர்தரக் கலைப்பிரிவில் அரசறிவியல், அளவையியல், தமிழ் படிக்கிறாள். சட்டத்தரணியாக வேண்டும் என்பது அவளது ஆசை. எங்கள் மாடியில் குடியிருக்கும் பிள்ளை ஒன்று லண்டன் உயர்தரத்துக்குச் சட்டத்தையே ஒரு பாடமாகப் படிக்கிறது. ஒப்பந்தம் எப்போது செல்லுபடியாகும், கவனயீனத்துக்கு யார் பொறுப்பு என்று அது சொல்லச் சொல்ல இவள் ஆவலோடு கேட்டுக்கொண்டிருப்பாள். ஆனால் அது இங்கிலாந்துச் சட்டம். காணி விற்றால் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு உறுதி எழுத வேண்டும் என்று இங்கே 1840 முதல் சட்டம் இருப்பதையோ, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையையோ அதில் படிப்பிப்பதில்லை.

வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு வீடு எடுத்தபோது ஆறு மாத முற்பணம் கட்டினோம். சிங்களத்தில் மூன்று பக்க ஒப்பந்தம். மகள் வரி வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டு, "அம்மா, முற்பணத்தைத் திருப்பித் தருவது பற்றி இதில ஒண்டுமில்லையே" என்றாள். அவசரத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன். வீட்டை விட்டபோது இரண்டு மாதப் பணம் கைக்கு வரவில்லை.

சட்டபீடத்தில் எப்படியும் முதலிலிருந்துதானே தொடங்குவார்கள் என்று ஓர் ஆசிரியை சொன்னார். உண்மைதான். ஆனால் பல்கலைக்கழகம் போகாத பிள்ளைகளும் நாளை வாடகை ஒப்பந்தத்தில், ஈட்டு உறுதியில் கையெழுத்து வைக்கத்தானே போகிறார்கள்? அரச பாடசாலைகளில் தமிழ்மொழி மூலம் சட்டத்தை ஒரு விருப்பப் பாடமாக்குமாறு கல்வி அமைச்சை வேண்டுகிறேன்.

ஒரு தாய்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.